ஆத்துமாக்கள், எண்ணிக்கையில்

லொசானில் இருக்கும் சங்கத்தாருக்கு,
கலபோவிலிருந்து ஒடீல் எழுதுவது.

உங்கள் படிவம் இந்த முறை நனையாமல் வந்து சேர்ந்தது.
தபால் மூட்டையைத் தலையில் வைத்து
இடுப்பளவு வெள்ளத்தில் நடந்து வந்தவர் அகாபெல்வா.
சபைக்கு வராதவர்.
அவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பிரசங்கங்கள்: ஐம்பத்திரண்டு என்று எழுதிவிட்டேன்.
நாற்பது இருந்தால் அதிகம்.
ஒரு ஞாயிறு முழுக்க
மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டியின் முன்
கன்னம் தரையில் பதியப் படுத்திருந்தேன்.
திரி கோணலாக எரிந்தால் புகையும்,
புகைந்தால் பெட்டி சூடாகும்,
உள்ளே அறுநூறு பிள்ளைகளின் தடுப்பு மருந்து.
நீலச் சுவாலை வரும்வரை
கத்தரிக்கோலும் நானும்.
வெளியே சபையார் பாடினார்கள்,
காத்திருந்தார்கள், இன்னொரு முறை பாடினார்கள்,
வீட்டில் களி ஆறிப்போகும் என்று
எழுந்து போனார்கள்.

பல் பிடுங்க எனக்குப் படிப்பில்லை.
குறடு இருந்தது, அதனால் பிடுங்கினேன்.
நலிஷேபோவுக்கு நான் பிடுங்கியது
வலிக்காத பல்.
அடுத்த வாரம் அவள் திரும்பி வந்தாள்.
வாயைத் திறந்து, விரலால் சரியான பல்லைத் தொட்டுக் காட்டி,
கண்ணை மூடிக்கொண்டாள்.
விசுவாசத்தில் வளர்ந்தோர் என்று ஒரு வரி வைத்திருக்கிறீர்களே,
அங்கே அவள் பெயர் இருக்கிறது.
ஞானஸ்நானம் பெறவில்லை. அடித்துவிடாதீர்கள்.

பெஞ்சுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.
பன்னிரண்டு பெஞ்சுக்கான பணமும் வந்தது,
பலகையும் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஆறும் வந்தது.
நான்கு பலகை கிணற்றுக்கு மூடியாயிற்று.
கழிப்பறைக்கு ஒரு கதவு.
முத்தும்பாவின் மாட்டை மேட்டுக்கு ஏற்ற
சேற்றில் பாலமாகக் கிடந்தவை
சேற்றோடே போயின.
பிறகு ஒரு இரவில்
சிதாலி வந்து வாசலில் நின்றான்.
முதல் வருடம் என்மேல் நாயை ஏவியவன்.
ஒன்றும் கேட்கவில்லை.
கைகள் இரண்டையும் இடைவெளி விட்டுப் பிடித்து
நீளம் காட்டினான்.

இரண்டரை அடி.
ஒருமுறை அறுப்பதற்கு இருமுறை அள என்று
அப்பா பட்டறையில் சொல்வார்.
நான் ஏழு முறை அளந்தேன்.
ஆணி அடிக்கும் சத்தம் ஊருக்குக் கேட்கக் கூடாதென்று
திருகாணி போட்டேன்,
விடியும்வரை, கையால்.
அவன் விளக்கைப் பிடித்துக்கொண்டான்.
ஜெபம் சொல்லட்டுமா என்று கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை. அதையும் அறிக்கையில் சேர்க்கிறேன்.

பெஞ்சு ஒன்றே ஒன்று மிஞ்சியது.
அதில் கோழி அடைகாக்கிறது.
ஜனங்கள் பாயில்தான் உட்காருகிறார்கள்,
அவர்களுக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

வெள்ளம் வடிகிற மாதத்தில்
சிதாலி நம் படகின் அடியில் வந்து குந்தினான்.
தார்ச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.
வெகுநேரம் கழித்துக் கேட்டான்:
நீ ஏன் இங்கே வந்தாய்?
எட்டு வருடமாக நான் காத்திருந்த கேள்வி.
லோசி மொழியில், வினைச்சொல் பிசகாமல்,
பதிலை மனப்பாடமே செய்து வைத்திருந்தேன்.
வாயைத் திறந்தேன்.
"அந்த மூலையில் இன்னும் கொஞ்சம் பூசு,
அங்கேதான் ஒழுகுகிறது."
அவன் குனிந்து பார்த்தான்.
ஆமாம் என்றான். பூசினான்.

கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.
மறதி இல்லை.

அனுப்ப வேண்டியவை:
குளிர்பெட்டித் திரி, அரை அங்குலம், ஆறு.
கீல்கள், எத்தனை முடியுமோ அத்தனை.
மேல்தாடைக் குறடு ஒன்று.

இன்னொன்று. இங்கே காகிதம் தீர்ந்துவிட்டது.
படிவத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்ததால்
இந்த மாதம் நிறுத்துப் பார்த்த குழந்தைகளின் எடையை
பென்சிலில் குறித்துவிட்டேன்.
முன்பக்கத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.
பின்பக்கத்தை நகலெடுத்து
அடுத்த படகுக்குள் அனுப்பிவையுங்கள்,
இனோங்கேயின் மகள் ஏறினாளா இறங்கினாளா என்று
எனக்குத் தெரிந்தாக வேண்டும்.